நானாவின் கோப்பையில் டின்பால்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாம் வகுப்புக்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் போத்தல்களில் ஒட்டும் பெயர்கள்தான். ஏலம், கறுவா, சாதிக்காய், கொக்கோ. அதற்கு மேல் ஒரு வரி எழுதச் சொன்னால் கை நின்றுவிடும். ஆனால் நான் வேலையை விட்டு நின்ற அன்று, சமையலறைக்குப் புதிதாக வந்த நீங்கள் மூன்று பேரும் என்னிடம், "அக்கா, இந்த கொக்கோவ குடிச்சா மெலியலாமான்னு ஆளுங்க கேட்டா என்ன சொல்றது?" என்று கேட்டீர்கள். நான் சிரித்து மழுப்பி, பஸ் வருகிறது என்று சொல்லிப் போய்விட்டேன். பஸ் வரவில்லை. நின்று நீளமாகப் பேச எனக்கு வராது, அந்தக் கேள்விக்குப் பதிலோ நீளமானது. அதனால் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பலாபத்வல ரோட்டோரத்தில் இருக்கும் நம் ஸ்பைஸ் கார்டனில் நான் பத்தொன்பது வருடம் இருந்தேன். வேலை உங்களுக்குத் தெரியும். தம்புள்ளைப் பக்கம் போகும் வாகனங்கள் வாசலில் நிற்கும். கைட் ஒருவர் ஆட்களைக் கூட்டிப் போய் மரம் செடிகளைக் காட்டுவார். சுற்றி முடித்து ஓலைக் கொட்டிலில் உட்கார வைத்ததும் நாம் சின்னக் கோப்பைகளில் சூடான கொக்கோவைக் கொண்டுபோவோம். அதைக் குடித்து முகம் மலர்ந்த பிறகுதான் அவர்களைக் கடைக்குள் கூட்டிப் போவார்கள். கைட்மார் சமையலறைக்குள் வருவதில்லை. சமையலறையில் இருப்பவர்கள் கொட்டிலில் பேசுவதில்லை. யாரும் போட்ட சட்டம் இல்லை, அப்படியே பழகிவிட்டது. நான் சொல்லப் போகும் தவறு இந்தப் பழக்கத்தில்தான் வளர்ந்தது.

கைட்மாரில் மூத்தவரை, முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல, எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. மாத்தளை டவுனில் பரம்பரையாக இருக்கும் குடும்பம். பெரிய உடம்பு, பெரிய குரல், தலையில் ஒரு முடி இல்லை. மற்ற கைட்மார் எண்ணெய்ப் போத்தலைத் தூக்கிக் காட்டி, இதைப் பூசினால் வழுக்கையில் முடி முளைக்கும் என்பார்கள். நானா சொல்ல மாட்டார். தன் தலையைத் தடவிக் காட்டி, "முளைக்கிறதெண்டா முதல்ல இங்க முளைச்சிருக்கும் சேர்" என்பார். ஆட்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எண்ணெய் வாங்க மாட்டார்கள். ஆனால் அவர் நல்லது என்று சொன்ன மற்ற எல்லாவற்றையும் வாங்குவார்கள்.

அப்படிப்பட்டவர் கொக்கோவைப் பற்றி மட்டும் ஒரு விஷயத்தை அடித்துச் சொல்வார். "இதுல சீனி இல்ல. கொக்கோ, ஏலம், கறுவா, வனிலா, இனிப்புக்குக் கொஞ்சம் கித்துள் பாணி. பாணி மரத்துலருந்து வாறது, உடம்புக்குக் கெடுதி இல்ல. இத குடிச்சா உடம்பு இளைக்கும்." அவர் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்குச் சொல்லிக்கொடுத்தது இது. அவர் அதை மனதார நம்பினார்.

உண்மையில் அப்போது கோப்பையில் இருந்தது வேறு. ஒரு மழைக்காலத்தில் அந்தக் கித்துள் பாகை, பாணியை, கொண்டுவருகிறவர் மூன்று வாரம் வரவில்லை. வாசலில் வாகனம் நிற்கிறது, கசப்புக் கொக்கோவை எப்படிக் கொடுப்பது? நான் இனிப்பான கெட்டி டின்பால் இரண்டை உடைத்துச் சட்டியில் ஊற்றி, சீனியும் போட்டுக் கலக்கினேன். அன்று வந்த ஆட்கள் இரண்டாம் கோப்பை கேட்டார்கள். அதுவரை யாரும் கேட்டதில்லை. பாணிக்காரர் திரும்பி வந்த பிறகும் நான் டின்பாலை நிறுத்தவில்லை. பாணியும் கொஞ்சம் ஊற்றுவேன், வாசத்துக்கு. முதலாளிக்குச் சொன்னேன். "ஆளுங்க விரும்புறாங்கதானே" என்று விட்டுவிட்டார். கைட்மாருக்கு ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நானா அப்போதெல்லாம் பிளேன்டீ மட்டும்தான் குடிப்பார், கொக்கோவைத் தொட மாட்டார். அதனால் ருசி மாறியதும் அவருக்குத் தெரியாது.

இப்படி ஏழு வருடம் போனது.

பிறகு நானாவுக்கு ஹர்னியா வந்தது. அடிவயிற்றில் எலுமிச்சம்பழம் அளவு தள்ளிக்கொண்டு நிற்கும். மேட்டில் ஏறும்போது ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே, மறு கையால் மிளகுக் கொடியைக் காட்டுவார். ஆட்கள் கவனிக்க மாட்டார்கள். நான் சமையலறை ஜன்னலில் நின்று பார்ப்பேன். ஒபரேஷன் செய்யத்தான் வேண்டும், குடல் அதில் சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் நாள் கொடுக்கவில்லை. எடையும் அதிகம், இரத்தத்தில் சீனியும் அதிகம். இரண்டையும் இறக்கிக்கொண்டு வா, அப்போதுதான் கத்தி வைப்போம் என்றார்களாம்.

நானா அன்றே சபதம் எடுத்தார். சோற்றை இரண்டு கரண்டியாகக் குறைத்தார். வடையை விட்டார். பிளேன்டீயையும் விட்டார், அதில் மூன்று கரண்டி சீனி போட்டுக் குடிப்பவர். விட்டுவிட்டு, சமையலறை ஜன்னலுக்கு வெளியே வந்து நின்று ஒரு பெரிய மக்கை நீட்டினார்.

"தங்கச்சி, இனி எனக்கு கொக்கோதான். ஒரு நாளைக்கு மூணு மக். ஊருக்கெல்லாம் சொல்றேன், நான் குடிக்காம இருந்தா எப்படி?"

பிள்ளைகளே, அந்த நிமிடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. அவர் பின்னால் இரண்டு கைட்மார் நின்றார்கள். ஏழு வருடமாக நீங்கள் சொன்னது சரியில்லை என்று அவர்களுக்கு முன்னால் எப்படிச் சொல்வது? நாளைக்குத் தனியாகப் பார்த்துச் சொல்லலாம் என்று மக்கை வாங்கி நிரப்பிக் கொடுத்தேன். அவர் ஒரு மிடறு குடித்து, கண்ணை மூடிக்கொண்டு, "சுபஹானல்லாஹ்" என்றார்.

அடுத்த நாள் சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. சோற்றைக் குறைத்த மனிதர் பசியோடு மேடு ஏறி இறங்குவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அவருடைய மக்கில் இரண்டு கரண்டி டின்பாலைக் கூடுதலாக ஊற்றிக் கலக்கினேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் நடந்தது. பாசத்தில் செய்தேன்.

இரண்டு மாதம் கழித்து நானாவின் மனைவி சமையலறைக்குப் போன் எடுத்தார். அவரை நான் அக்கா முறையில் ராத்தா என்பேன்.

"தங்கச்சி, உண்மையச் சொல்லுங்க. இவர் அங்க ஒளிச்சு சோறு திங்கிறாரா?"

"இல்லைங்க ராத்தா. ரெண்டு கரண்டிதான் சாப்பிடுறாரு."

"வடை?"

"தொடவே இல்லைங்க."

"அப்ப காத்தக் குடிச்சா மூணு கிலோ ஏறினாரு? நேத்து கிளினிக்குல சீனியும் கூடிப் போச்சாம். டாக்டர் நாள் போடாம கார்டைத் திருப்பிக் குடுத்துட்டார். பாவம் மனுஷன் வீட்டுக்கு வந்து பேசுறார் இல்ல. சோத்த விட்டும் தொப்பை விடுதில்லையே, நான் என்ன செய்ய எண்டு கேக்குறார்."

என் கையில் டின்பால் கரண்டி இருந்தது. அதைக் கழுவி வைத்தேன். அன்று சாயங்காலம் சொல்லியே தீருவது என்று முடிவெடுத்தேன். ஆனால் சாயங்காலம் அவர் ஜன்னலுக்கு வந்து, "தங்கச்சி, மூணு மக் போதாது போல, இனி நாலாக் குடிப்பமா?" என்று கேட்டபோது, மூன்றே போதும் நானா என்று மட்டும் சொல்லி ஜன்னலைச் சாத்தினேன். இந்தப் பயத்தை நீங்களும் அறிவீர்கள். முதல் நாள் சொல்லியிருந்தால் அது வெறும் தகவல். இரண்டு மாதம் கழித்துச் சொன்னால் அது என் குற்றம். ஒவ்வொரு நாளும் அதன் கனம் கூடிக்கொண்டே போனது. அந்த வாரம் நான் செய்த ஒரே நல்ல காரியம், அவர் மக்கில் டின்பாலைக் குறைத்தது. அதையும் அவர் கண்டுபிடித்து, "இண்டைக்கு ருசி பத்தாதே, உடம்பு சுகமில்லையா?" என்று என்னைத்தான் விசாரித்தார்.

பிறகு ஒரு நாள் வயதான வெள்ளைக்காரத் தம்பதி வந்தார்கள். நானாதான் கைட். நான் கோப்பைத் தட்டோடு கொட்டிலுக்குப் போனேன். அந்தப் பெரியவருடைய மேல் கையில் வட்டமாக, இரத்தச் சீனியை அளக்கும் ஒரு வில்லை ஒட்டியிருந்தது. அவர் போனை அதன் பக்கத்தில் பிடித்து எண்ணைப் பார்த்துவிட்டு நானாவிடம் ஏதோ கேட்டார். "சுகர்" என்ற சொல் எனக்கு விளங்கியது.

"நோ சுகர் சேர்!" என்றார் நானா. தன் வயிற்றைத் தட்டிக்கொண்டு, எனக்கும் சீனி வருத்தம்தான், நானே ஒரு நாளைக்கு மூன்று தடவை குடிக்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னார். பெரியவர் சிரித்தார். தட்டை நோக்கிக் கையை நீட்டினார்.

யோசிக்க நேரம் இல்லை. நான் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"நோ சேர். சுகர். டின் மில்க்."

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. அத்தனை வருடத்தில் அந்தக் கொட்டிலில் நான் பேசிய முதல் சொற்கள் அவை. பெரியவர் என்னைப் பார்த்தார், பிறகு நானாவைப் பார்த்தார். நானா சிரித்தார்.

"தங்கச்சி பகிடி விடுறா" என்று தமிழில் சொல்லி, அவர்களுக்கு ஆங்கிலத்தில், ஜோக் சேர், ஜோக் என்றார்.

எனக்கு அதற்கு மேல் ஆங்கிலம் பேசத் தெரியாது. தட்டை மேசையில் வைத்துவிட்டு ஓட்டமாகச் சமையலறைக்குப் போய், பாதி காலியான டின்பாலையும் சீனிப் போத்தலையும் கொண்டு வந்து கோப்பைகளுக்கு நடுவில் வைத்தேன். டின்னின் ஓரத்தில் பால் வழிந்து காய்ந்திருந்தது.

நானா டின்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பெரியவரின் மனைவி என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். நானாவின் முகத்தில் இரத்தமே இல்லை. ஆனால் அடுத்த நிமிடம் நிமிர்ந்து, தவறு என்னுடையது சேர், மன்னியுங்கள் என்று சொல்லி, அவர்களுக்குக் கறுவாப்பட்டை போட்ட வெந்நீர் கொண்டுவரச் சொன்னார். குரல் கொஞ்சமும் ஆடவில்லை. மிச்ச நேரம் முழுவதும் வழக்கம்போலவே பேசி, சிரிக்க வைத்து, வாகனம் வரை கூட்டிப் போய்க் கையசைத்து அனுப்பினார். பிறகுதான் சமையலறைக்கு வந்தார். ஜன்னலுக்கு வெளியே நிற்கவில்லை, உள்ளேயே வந்தார்.

"எவ்வளவு காலமா?"

"ஏழு வருஷம் இருக்கும் நானா."

"என்ட மக்குலயும் இதுதானா?"

"உங்களுக்கு ரெண்டு கரண்டி கூட."

"கூடவா?"

"நீங்க சோத்தக் கொறச்சிட்டீங்களே. வெறும் வயித்தோட ஏறி எறங்குறீங்களேன்னு…"

அவர் ஒரு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். உட்காரும்போது கை தானாக அடிவயிற்றுக்குப் போனது.

"எண்ணெய்க்குச் சொல்லாத பொய்ய கொக்கோவுக்குச் சொல்லி ஈக்கேன். ஏழு வருஷமா. எத்தன பேருக்கு! சீனி வருத்தக்காரங்க எத்தன பேர் என்ட பேச்சக் கேட்டுக் குடிச்சிருப்பாங்க, யோசிச்சுப் பாத்தீங்களா?"

நான் யோசித்திருக்கவில்லை. அழுதேன். அவர் எழுந்து போனார்.

அடுத்த நாளிலிருந்து நான் அவருக்கு "மிஸ்" ஆகிவிட்டேன். "மிஸ், பன்னிரண்டு பேர்." "மிஸ், கோப்பை ரெடியா?" அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. வீட்டிலிருந்து வெந்நீர்ப் போத்தல் கொண்டுவந்து குடித்தார். கொட்டிலில் பேச்சை மாற்றிவிட்டார். இதில் டின்பாலும் சீனியும் இருக்கிறது, ருசிக்குக் குடியுங்கள், மெலிவதற்கு இல்லை என்றார். முதலாளி கூப்பிட்டு, ஏன் இப்படிச் சொல்லி வியாபாரத்தைக் கெடுக்கிறீர்கள் என்று கேட்டாராம். நானா சொன்ன பதிலை மற்ற கைட்மார் வந்து சொன்னார்கள். "தெரியாம சொன்னது வேற, மாத்தயா. தெரிஞ்சுகிட்டு சொல்ல எனக்கு ஏலாது. வேணுமெண்டா வேற ஆளப் போடுங்க." முதலாளி வேறு ஆளைப் போடவில்லை.

அடுத்த கிளினிக்குக்கு முதல் நாள் ராத்தா எனக்குப் போன் எடுத்தார். நான் பயந்துகொண்டே எடுத்தேன்.

"நாளைக்கு நீங்களும் வாங்க. என்னத்தக் குடிச்சார் எண்டு இவருக்குச் சொல்லத் தெரியாது. கலக்கினது நீங்கதானே, நீங்களே வந்து சொல்லுங்க."

போனேன். ஆஸ்பத்திரியின் நீள வாங்குப் பலகையில் மூவரும் உட்கார்ந்தோம், நடுவில் ராத்தா. சாப்பாட்டைப் பற்றி ஆலோசனை சொல்ல அங்கே ஒரு சின்ன வயது மிஸ் இருந்தார். என்ன என்ன, எத்தனை கரண்டி என்று கேட்டார். ஒளிக்காமல் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே வந்து, ஒரு இடத்தில் பேனாவை வைத்துவிட்டார்.

"ஒரு மக்குக்கா இவ்வளவு?"

"ஆமாங்க மிஸ்."

"மூணு மக்கா?"

"வீட்டுல ராத்திரிக்கு இன்னொண்டு, பாணி ஊத்தி" என்றார் ராத்தா.

"பாணி நல்லதுதானே?" என்று நானா கேட்டார். "மரத்துலருந்து வாறதுதானே?"

"சீனியும் கரும்புலருந்துதான் வருது ஐயா. வயித்துக்குள்ள போனா ரெண்டும் ஒண்ணுதான்." பிறகு அந்த மிஸ் சிரித்துக்கொண்டு, "கொக்கோ மேல கோவப்படாதீங்க. அதுகூட சேந்து வந்த கூட்டாளிங்கதான் சரியில்ல" என்றார்.

அவர் விளக்கியதை எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன். கசப்புக் கொக்கோத் தூள் கெட்ட சாமான் இல்லை. ஒரு சின்னக் கரண்டி, வெந்நீரிலோ கொழுப்பெடுத்த பாலிலோ, சீனியும் பாணியும் இல்லாமல் குடித்தால், மெலிய நினைப்பவருக்கும் அதனால் பெரிய கெடுதி வராது. இனிப்புக்கு ஆசைப்படும் நேரத்தில் சிலருக்கு அது கைகொடுக்கவும் செய்யும். டின்பாலும் சீனியும் சேர்ந்துவிட்டால் அது பானம் இல்லை, கோப்பையில் ஊற்றிய ஒரு சாப்பாடு. ஆனால் சாப்பிட்டது போல வயிறு நிறையாது, கொஞ்ச நேரத்தில் திரும்பவும் பசிக்கும். நானா சோற்றில் மிச்சம் பிடித்ததை மக்கில் இரண்டு மடங்காகத் திருப்பிக் குடித்திருக்கிறார். இரவில் குடித்தால் சிலருக்குத் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டவருக்கு மறுநாள் பசி கூடும். மெலிய வைக்கும் பானம் என்று ஒன்று இல்லவே இல்லை என்றார் மிஸ். இதையே நீங்கள் ஆட்களுக்கும் சொல்லலாம். சீனி வருத்தக்காரர் கேட்டால் அவருடைய டாக்டரைக் கேட்கச் சொல்லுங்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் இருந்தது. நானா முன் சீட்டில், நாங்கள் இருவரும் பின்னால். ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தவர், கொஞ்ச தூரம் போன பிறகு தலையைத் திருப்பாமல் கேட்டார்.

"தங்கச்சி, அந்த ரெண்டு கரண்டி கூடப் போட்டீங்களே, அது டின்பாலா, சீனியா?"

"டின்பால்ங்க நானா."

"நல்லாத்தான் ஈந்திச்சி."

ராத்தா அவர் தோளில் ஒரு அடி போட்டார். நான் முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டேன். சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் சமையலறையில் இரண்டு சட்டி வைத்தோம். ஒன்றில் டின்பால் போட்டது, மற்றதில் கொக்கோவும் வாசனைச் சாமான்களும் மட்டும். இப்போது நீங்கள் அதைக் "கசப்புச் சட்டி" என்கிறீர்கள். எந்தச் சட்டியில் என்ன இருக்கிறது என்று கைட்மாருக்குக் காலையில் சொல்லிவிடுங்கள், எதையாவது மாற்றினால் அன்றைக்கே சொல்லுங்கள். கசப்பைக் கேட்பவர்கள் குறைவு. நானா கேட்பார். பெரிய மக்கைக் கைவிட்டு, ஆட்களுக்குக் கொடுக்கும் சின்னக் கோப்பையில் காலையில் ஒன்று மட்டும் குடிப்பார். முதல் நாள் முகத்தைச் சுளித்து, "இது கஷாயம், கொக்கோ இல்ல" என்றார். பிறகு பழகிவிட்டார்.

எடை உடனே இறங்கவில்லை. முதல் மாதம் ஒரு கிலோ. அடுத்த மாதம் ஒன்றுமே இல்லை. அந்த மாதம் ஜன்னலுக்கு வந்து, "தங்கச்சி, இண்டைக்கு மட்டும் ஒரு கரண்டி" என்று கெஞ்சினார். நான் டின்னை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். "இரக்கமில்லாத மனுஷி" என்று சொல்லிவிட்டுப் போனார். சோற்றை அளந்து, கீரையைக் கூட்டி, வலி இல்லாத நாட்களில் ராத்தாவோடு சமதரையில் நடந்துதான் அது இறங்கியது. கொக்கோ குடித்து மெலிந்தார் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். ஏழாம் மாதம் சீனியும் சொன்ன அளவுக்கு வந்தது. டாக்டர் நாள் கொடுத்தார்.

ஒபரேஷனுக்கு முதல் நாள் அவர் ஒரு குழுவை வழியனுப்பிவிட்டுச் சமையலறைக்கு வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் பையைக் கையிலேயே வைத்திருந்தார்.

"பயமா இருக்கா நானா?" என்று கேட்டேன்.

"இல்லாமலா? இந்த வயித்த நான் தவிர ஒருத்தரும் தொட்டதில்ல." பையை மறு கைக்கு மாற்றினார். "அண்டைக்கு நீங்க தட்டப் பின்னால இழுத்தீங்களே, அந்த வெள்ளைக்காரருக்காகத்தானா? எனக்காகவா?"

நான் அவர் பையின் திறந்திருந்த ஜிப்பை இழுத்து மூடினேன்.

"சரி, விடுங்க. துஆ செய்யுங்க. உங்கட கோயில்லயும் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மேட்டில் ஏறாமல், கீழ் வழியாகவே பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார்.

மறுநாள் காலை ஒன்பதே காலுக்கு அவரை உள்ளே எடுத்தார்கள். பதினொன்றரைக்கு ராத்தா போன் எடுத்து, முடிந்துவிட்டது, கண் திறந்துவிட்டார் என்றார். அன்று தோட்டத்துக்கு நான்கு வாகனங்கள் வந்தன. கசப்புச் சட்டியில் மூன்று கோப்பை மிஞ்சியது, நானாவுடையதும் சேர்த்து.